இயக்குநர் வீட்டுப் பிரதி

ஒன்பது விநாடிக்காக ஒரு மனிதர் தன் மச்சினனை இருபத்து நான்கு வருஷம் வீட்டு வாசலை மிதிக்க விடாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், லிஃப்ட்காரரைத் தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முடியும். வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் உட்கார வைத்து நியாயமும் சொல்வார்.

லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவருடைய உத்தியோகம். பகல் முழுக்க ஊராரை மேலும் கீழும் அனுப்பிவிட்டு, மாலையில் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வீட்டின் இரண்டாவது படுக்கையறைக்குள் போவார். அங்கே படுக்கை கிடையாது. ஆயிரத்து நூற்று நாற்பது வீடியோ கேசட்டுகள் இருந்தன. எல்லாம் எங்கும் கிடைக்காத பழைய படங்கள். கேசட்டைப் படுக்கப் போடக் கூடாது, நிற்க வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்ற வேண்டும். பூசணம் பிடித்தால் பஞ்சில் மருந்து தொட்டு அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். கேசட் போட்டுப் பார்க்க ஓடுகிற டெக் ஒன்று, அதற்கு உதிரி பாகம் எடுக்க ஓடாத டெக் நான்கு. செருப்புக் கடைகளில் கெஞ்சி வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அலமாரி முழுக்க. அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். ரத்தக் குழாய்களுக்கு எழுதுகிற அதே குண்டு எழுத்தில் கேசட்டுகளுக்கும் அவர்தான் லேபிள் எழுதுவார்: பெயர், வருஷம், பதிந்த தேதி. அந்த அறைக்குள் அவருக்கு இருந்த உரிமை அவ்வளவுதான். ஈரத் தலையோடு உள்ளே வரக்கூட அனுமதி இல்லை.

அந்தக் கேசட்டுகளுக்கெல்லாம் ராஜா, ‘உப்புக்கிடங்கு’. கறுப்பு வெள்ளைப் படம். படச்சுருள்கள் ஒரு தீ விபத்தில் போய்விட்டன என்று எல்லாரும் கையை விரித்துவிட்ட பிறகு, எங்கிருந்தோ கிடைத்த ஒரு பிரதியை ஒரு டிவி நிலையம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பியது. அதோடு அந்தப் பிரதியும் தண்ணீர் புகுந்து நாசமாகிவிட்டது, நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அன்றைக்கு டெக்கின் முன்னால் உட்கார்ந்து, விளம்பரத்துக்கு விளம்பரம் பதிவை நிறுத்தி, படம் வந்ததும் தட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிந்தவர் நம் லிஃப்ட்காரர்.

படத்தின் முடிவு இப்படி. ஒருத்தி பன்னிரண்டு வருஷம் கழித்து உப்புக்கிடங்குக்குத் திரும்பி வருகிறாள். அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் மனிதன் நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு, “எதுக்கு வந்தே?” என்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள்.

அந்த இடத்தில்தான் மச்சினன் ரிமோட் மேல் உட்கார்ந்தான்.

முதல்முதலாகக் கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறவன், அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான். அந்த வீட்டில் கேபிள் பெட்டியில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதுதான் டெக்கில் பதியும். வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? படம் பார்க்கிற ஆர்வத்தில் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான். திரையில் பச்சைச் சட்டை போட்ட ஓர் அம்மாள் தோன்றி, கரையோரப் பகுதிகளில் மிதமான மழைக்கு வாய்ப்பு இருக்கிறது, மீனவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றாள். லிஃப்ட்காரர் மச்சினனைத் தள்ளிவிட்டு ரிமோட்டைப் பிடுங்கிச் சேனலைத் திருப்பினார். அதற்குள் உப்புக்கிடங்கில் அவள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த மனிதன் பேனாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தான். படம் முடிந்தது. பிறகு ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தார். போனது ஒன்பது விநாடி.

“மாமா, தெரியாம…” என்று மச்சினன் ஆரம்பித்தான்.

“வெளிய போ. அந்த ஒம்பது செகண்டைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு அப்புறம் உள்ள வா.”

கோபத்தில் எல்லாரும்தான் எதையாவது சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் அதைக் காற்றில் விட்டுவிடுவது வழக்கம். இந்த மச்சினன் விடவில்லை, அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. போட்ட சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான். அதற்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவும் தம்பியும் பஸ் நிலையத்து ஹோட்டலில் சந்தித்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரரும், அவன் வரவில்லையே தவிர நான் வர வேண்டாம் என்று சொல்லவில்லை என்று மனசாட்சிக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்.

இப்போது அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிய படம் சேர்க்கிறவர்கள் பதினோரு பேர் மாதம் ஒருமுறை பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் போன பிறகு கூடுவார்கள். அவர்களுக்கு இரண்டே சட்டம். ஒன்று, விற்பனை கிடையாது, பிரதிக்குப் பிரதி. இரண்டு, உனக்கு இது எங்கே கிடைத்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. இரண்டாவது சட்டத்தை அவர்கள் கோயில் நடைமுறை போலக் காத்தார்கள். கேட்கக் கூடாது என்பதால், கேட்காமலே அள்ளி விடுகிற பழக்கம் எல்லாருக்கும் இருந்தது. பல் டாக்டர் ஒருநாள், தன்னிடம் உள்ள ஒரு படம் தயாரிப்பாளரின் மருமகன் கையால் கொடுத்தது என்று அலட்டிக்கொண்டார். லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. ‘உப்புக்கிடங்கு’ பிரதியை மேஜைமேல் வைத்து, “இது டைரக்டர் வீட்டுப் பிரதி. அவர் போறதுக்கு முன்னாடி தன் கையில வெச்சிருந்தது. வெளிய சொல்லாதீங்க” என்றார்.

எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள். பச்சைச் சட்டை அம்மாள் வந்து மழையைச் சொல்லிவிட்டுப் போனாள். பல் டாக்டர் திரும்பி, “என்னங்க இது?” என்றார்.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், டைரக்டர் வீட்டுக்கு ஏது லிஃப்ட்காரரின் மச்சினன் என்று ஆகிவிடும். “அது அப்படித்தான்” என்றார், கொஞ்சம் இறுமாப்போடு, புரிகிறவர்களுக்குப் புரியும் என்கிற மாதிரி. பத்துப் பேரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து ‘உப்புக்கிடங்கு’ ஊர் ஊராகப் போனது. சங்கத்திலிருந்து வேறு சங்கத்துக்கு, அங்கிருந்து கடல் கடந்து. எங்கே கிடைத்தது என்று எவரும் கேட்கவில்லை, சட்டம் அப்படி. லிஃப்ட்காரரோ ஒன்பது விநாடி இருக்கிற பிரதி உலகத்தில் எங்கேயாவது இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தார். எட்டாம் வருஷம் தொலைதூரத்து ஆள் ஒருவரிடமிருந்து, தன் ஆறு படங்களைக் கொடுத்து ஒரு பிரதி வாங்கினார். டெக்கில் போட்டார். மிதமான மழைக்கு வாய்ப்பு. பன்னிரண்டாம் வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒன்று வந்தது. யாரோ ராப்பகலாக உழைத்து வேற்று மொழியில் சப்டைட்டில் போட்டிருந்தார்கள், மீனவர்களுக்கான எச்சரிக்கை உட்பட. பதினாறாம் வருஷம் டிஸ்கில் வந்தது. கீறலெல்லாம் நீக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த அம்மாளின் சட்டையில் பொத்தான் எத்தனை என்று எண்ணலாம் போல இருந்தது. தான் பெற்ற பிள்ளைகளே தன்னிடம் விருந்தாளியாக வந்து போவதை லிஃப்ட்காரர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மச்சினன் மேல் கோபம் புதிதாக ஏறியது. தன்மேல் ஏறவில்லை.

பிறகு பேராசிரியர் வந்தார். சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்தவர். ‘உப்புக்கிடங்கு’ பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, உண்மை சொல்லப்பட வேண்டிய ஒன்பது விநாடி மட்டும் வண்ணம். ஒரு பெண்ணின் பதிலை இந்த உலகம் கேட்கத் தயாராக இல்லை, அது வானிலையைத்தான் கேட்கும் என்று இயக்குநர் முதுமையில் தன் படத்தைத் தானே திருத்தி, காறித் துப்பியிருக்கிறார். இதுதான் கட்டுரையின் சாரம். ஆதாரம்? இயக்குநர் வீட்டுப் பிரதி. லிஃப்ட்காரர் கட்டுரையை மூன்று முறை படித்தார். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. மூன்றாம் முறை படிக்கும்போது, மச்சினன் உட்கார்ந்ததிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று பட ஆரம்பித்தது.

பழைய படங்களை நல்ல டிஸ்காக வெளியிடும் ஒரு சிறு நிறுவனம் ‘உப்புக்கிடங்கு’ போடப் போவதாகச் சொன்னது. முன்னுரை பேராசிரியர். அட்டையின் பின்பக்கம், ‘மூலப் பிரதி வழங்கிக் காத்தவர்’ என்று லிஃப்ட்காரரின் பெயர், புகைப்படத்தோடு. அதற்கு ஒரு கடிதம் மட்டும் வேண்டும்: இந்தப் பிரதி இயக்குநரின் இல்லத்திலிருந்து பெறப்பட்டது, உள்ளது உள்ளபடி. முப்பது வருஷம் லிஃப்டுக் குழிக்குள் கிரீஸ் பூசியவர். அவர் பெயர் அச்சில் வந்தது ஒரே முறை, ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுபோனதற்குக் குடியிருப்போர் சங்கம் ஒட்டிய கண்டன நோட்டீஸில். அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதன்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் மச்சினன், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இந்த வீட்டிலிருந்து போகும்போது அவனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை.

“கெடச்சுடுச்சு மாமா,” என்றான்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். தம்பி என்ன சாப்பிடுவான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

செருப்பை வாசலில் வைத்துவிட்டு, மச்சினன் கேசட்டை இரண்டு கையாலும் நீட்டினான். கப்பல் நின்ற துறைமுகங்களில் எல்லாம், மற்றவர்கள் ஊர் சுற்றப் போகும்போது இவன் பழைய சாமான் கடைகளைத் தேடிப் போயிருக்கிறான். பாஷை தெரியாத இடங்களில் காகிதத்தில் கேசட் படம் வரைந்து காட்டியிருக்கிறான். கடைசியில், நம் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து போன ஒரு குடும்பம் காலி செய்த வீட்டுச் சாமான்களுக்கு நடுவில் இது இருந்தது. உறைமேல் எழுதியிருந்தபடி அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ஒளிபரப்பு, அவர்கள் வீட்டில் பதிந்தது.

“நான் இன்னும் போட்டுப் பார்க்கல மாமா. கப்பல்ல டெக் ஏது? நீங்கதான் மொதல்ல பார்க்கணும்னு வேற இருந்துச்சு,” என்றான். “இந்த வருஷத்தோட வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். உங்க தெருவுலயே சின்னதா ஒரு வீடு பார்த்தா, அக்காவுக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

இரண்டாவது படுக்கையறையில் டெக் ஓடியது. விளம்பரங்கள்கூட வெட்டப்படாமல் இருந்தன. அந்த மத்தியானத்தின் சோப்பு, அந்த மத்தியானத்தின் தலைவலி மாத்திரை. சந்தேகத்துக்கே இடமில்லை. மச்சினன் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றான். உட்காரச் சொல்ல இவருக்கும் தோன்றவில்லை.

“எதுக்கு வந்தே?” என்றான் கணக்கு எழுதுகிறவன்.

அவள் வாயைத் திறந்தாள். மழை வரவில்லை.

“நீ கூப்பிடுவேன்னு இருந்தேன். பன்னெண்டு வருஷம். நீ கூப்பிடல. நீ எப்படி இருக்கேன்னு பார்க்கணும்னு தோணுச்சு, நானே வந்துட்டேன். பார்த்தாச்சு. வரேன்.”

திரும்பி நடந்தாள். லிஃப்ட்காரரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாற்பது பக்கக் கட்டுரைக்கு எட்டாதது இந்த நாலு வார்த்தையில் இருந்தது. தான் மனப்பாடமாக வைத்திருந்த படம் இதன் பக்கத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரிந்தது. சுவரோரம் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அந்த நேரத்தில் அவர் மனதார வெட்கப்பட்டார். கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார். உடனே, புதன்கிழமை அனுப்பிய கடிதமும் நினைவுக்கு வந்தது. உள்ளது உள்ளபடி. புகைப்படத்தோடு. பல் டாக்டரின் முகம் எப்படிப் போகும் என்பதும் வந்தது.

டெக்கை நிறுத்தினார்.

“இது ஒரிஜினல் இல்ல,” என்றார்.

“இல்லையா மாமா?”

“யாரோ வேலை பார்த்திருக்காங்க. அந்த இடம் மட்டும் வேற ஆள் குரல். ஒட்டுப் போட்டது. எங்கள மாதிரி ஆளுங்களுக்குக் கேட்டதும் தெரிஞ்சுடும்.”

மச்சினன் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவர் கண்ணில் இருந்த ஈரத்தையும் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது. தனக்காக இல்லை.

“மன்னிச்சுக்குங்க மாமா. இவ்வளவு நாள் கழிச்சு ஆசை காட்டிட்டேன்,” என்றான். “சரி, இன்னும் தேடறேன்.”

சாப்பிட்டுப் போ என்று அக்கா கெஞ்சினார். இன்னொரு நாள் வரேன்க்கா என்று சொல்லிவிட்டு, செருப்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். வேண்டாமென்றால் குப்பையில் போட்டுவிடச் சொல்லிக் கேசட்டை விட்டுப் போயிருந்தான். அதற்கு லேபிள் எழுத வேண்டுமா என்று மனைவி கேட்டபோது, வேண்டாம் என்றார் லிஃப்ட்காரர். கடைசி அலமாரியில் ஓடாத டெக்குகளுக்குப் பின்னால் செருகி வைத்தார். நிற்க வைத்துத்தான்.

ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். டிஸ்க் வெளியாகட்டும், விழா முடியட்டும், ஆரவாரம் அடங்கட்டும். விழா நன்றாகவே நடந்தது. பேராசிரியர் அந்த ஒன்பது விநாடியை மட்டும் தனியாகத் திரையிட்டுக் காட்டினார். பின்வரிசையில் ஓர் இளம்பெண் அழுதாள். மேடைக்கு அழைக்கப்பட்ட லிஃப்ட்காரர், இதைக் காப்பாற்ற என் குடும்பத்தில் நிறைய இழந்திருக்கிறோம் என்று பேசினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவர் அள்ளி விட்டவற்றில் இது ஒன்றுதான் உண்மை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் பதிப்பு வந்த வாரம், சாப்பாட்டு மேஜையில் மனைவி சொன்னார்:

“தம்பி பேசினான். கப்பல் ஏறிட்டானாம்.”

“வேலைய விடப் போறேன்னானே?”

“விடத்தான் இருந்தான். இப்ப இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டானாம். இந்தக் கப்பல் வேற பக்கமாப் போகுதாம், அவன் இதுவரைக்கும் போகாத ஊருங்க. அங்கெல்லாம் பழைய கேசட் கடை நிறைய இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம்.” குழம்பை அவர் தட்டில் ஊற்றினார். “வேணாண்டா, முட்டி வலியோட எதுக்குடா அலையறேன்னேன். அது இல்லாம மாமா முகத்துல எப்படிக்கா முழிக்கறதுங்கறான்.”

லிஃப்ட்காரர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கண்ணாடி அலமாரியில் டிஸ்கின் அட்டை, பின்பக்கம் தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது.

“அவன வரச் சொல்லு,” என்றார்.

மனைவி கரண்டியை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை லிஃப்ட்காரர் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்தது.

“எதுக்கு? கெடச்சுடுச்சா?”

“இல்ல. சும்மாதான், வரட்டும்,” என்றார் லிஃப்ட்காரர்.